நாரியும் இரும்பும்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர்ச் சந்தியில், முன்பு அரிசி ஆலை இருந்த இடத்தில், இப்போது ஓர் உடற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடி, குளிரூட்டி, காதைப் பிளக்கும் பாட்டு. உறவுக்காரப் பிள்ளை ஒருவன் அங்கே பயிற்சி செய்கிறான் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அவன் தரையில் கிடந்த பார்பெல்லைத் தூக்கிக்கொண்டிருந்தான். 'டெட்லிஃப்ற்' என்கிறார்களே, அதுதான். இரும்பு நிலத்தை விட்டு எழும்பியதும் அவன் முதுகு பூனை முதுகுபோல வளைந்தது. பக்கத்தில் நின்ற பயிற்றுநர் எண்ணிக்கையைத்தான் கவனித்தாரே தவிர முதுகைக் கவனிக்கவில்லை.

"தம்பி, நாரி கவனம்" என்றேன். "ஓம் அங்கிள்" என்று சிரித்துவிட்டு அவன் அடுத்த தடவைக்குக் குனிந்தான். அதே வளைவு.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்தப் பதிவு அந்த இரவில் தொடங்கியது. (நாரி என்றால் என்னவென்று தமிழகத்து வாசகர்கள் கேட்கக்கூடும். கீழ்முதுகைத்தான் நாங்கள் நாரி என்கிறோம். நாரிப்பிடிப்பு வராத யாழ்ப்பாணத்தான் அபூர்வம்.)

நாற்பது வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊரில் உடற்பயிற்சி நிலையம் என்ற சொல் வழக்கில் இல்லை. தேகப்பியாசம் என்றுதான் சொல்வோம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், தன் வீட்டு வளவில் வேப்பமரத்தின் கீழ், மாலை ஐந்து மணிக்கு இளைஞர்களைச் சேர்ப்பார். அவருடைய பெயரை அவர் வாழ்நாளில் ஊரில் யாரும் சொன்னதில்லை. மாஸ்ரர் என்றே நானும் எழுதுகிறேன். அவர் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920ஆம் ஆண்டு ஹாரி குறோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய அந்தக் கல்லூரியே ஆசியாவில் இத்துறைக்கென்று எழுந்த முதற் கல்லூரி என்பர். இலங்கையிலிருந்து உடற்கல்வி படிக்கப் போனவர்கள் பலருக்கு அக்காலத்தில் அதுவே வாசல். எங்கள் பாடசாலைகளின் மைதானங்களில் விசில் ஊதிய ஒரு தலைமுறை ஆசிரியர்களை அந்தக் கல்லூரி உருவாக்கியது என்றால் மிகையில்லை.

மாஸ்ரரின் வளவில் இருந்த பார்பெல் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் இரு முனைகளிலும் பெயின்ற் வாளியில் சீமெந்து ஊற்றி இறுக வைத்த இரண்டு குண்டுகள். இப்படிப்பட்ட குண்டுகள் அந்நாளில் குடாநாட்டின் பல ஊர்களில் கிடந்தன. ஆனால் மற்ற ஊர்களில் இல்லாத ஒன்று எங்கள் வளவில் இருந்தது. இரண்டு பனங்குற்றிகள். தூக்குவதற்கு முன் அந்தக் குண்டுகளைக் குற்றிகளின் மேல் வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். நிலத்திலிருந்து தூக்கக் கூடாது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கிழவருக்கு ஏதோ பயம் என்று நினைத்தோம்.

காரணம் பின்னாளில், பத்திரிகைக்கு விளையாட்டுப் பக்கம் எழுதப்போய், தற்செயலாக அறிந்தது. தகடுகளை மாற்றி மாற்றிப் பூட்டக்கூடிய பார்பெல்லை அமெரிக்காவில் பரவலாக்கியவர் அலன் கல்வேர்ட். பிலடெல்பியாவில் 1902ஆம் ஆண்டு அவர் மைலோ பார்பெல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன் சர்க்கஸ் பலசாலிகளிடம் இருந்தவையெல்லாம் உருண்டைக் குண்டுகள்தாம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பின்னர் ஒலிம்பிக் போட்டிகளுக்காக அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. இன்றைய போட்டித் தகடுகளில் பெரியவற்றின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அப்படியானால் நிலத்தில் கிடக்கும் தண்டின் நடுப்பகுதி இருபத்திரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில், அதாவது ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். உலகில் எழுதப்பட்ட டெட்லிஃப்ற் பாடங்கள் எல்லாம் இந்த உயரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் சீமெந்துக் குண்டின் விட்டம் எட்டு அங்குலம். ஆகவே எங்கள் தண்டு நான்கு அங்குல உயரத்தில் கிடந்தது. அந்த ஐந்து அங்குலப் பள்ளத்துக்குள் இறங்கிக் குழாயைப் பிடிக்க எவனாலும் முதுகை வளைக்காமல் முடியாது. மாஸ்ரரின் பனங்குற்றியின் உயரம் ஐந்து அங்குலம்!

அவர் அளந்து வெட்டினாரா, கண்மட்டத்தில் வெட்டினாரா என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

நிற்க. முதுகு வளைந்தால் என்ன? கமக்காரன் நாள் முழுக்க வளைந்து புகையிலைத் தறையைக் கொத்தவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு மாஸ்ரர் சொன்ன விளக்கம் கிணற்றடித் துலாவில் இருந்தது. எங்கள் பழைய கிணறுகளில் ஆடுகாலின் மேல் நீண்ட துலா கிடக்கும். ஒரு முனையில் கொடியும் பட்டையும் தொங்கும். மற்ற முனை குட்டையானது. அங்கே பாரம் கட்டியிருக்கும். பட்டை தொங்கும் பக்கம் நீளம் என்பதால், ஒரு பட்டைத் தண்ணீரை எழுப்ப, மறுமுனையில் அதைப்போலப் பல மடங்கு பாரம் வேண்டும். மனிதன் குனியும்போதும் இதே கணக்குத்தான். இடுப்புப்பகுதி ஆடுகால். முன்னே தொங்கும் இரும்பு, பட்டைத் தண்ணீர். முதுகெலும்புக்குப் பின்னால் ஓடும் தசை, அடிப்பாரம். இரும்பு கீழ்முதுகிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னே நிற்கிறது, முதுகுத்தசையோ எலும்பின் மையத்திலிருந்து ஐந்து சென்ரிமீற்றர்தான் பின்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு. ஐம்பது கிலோ இரும்பைப் பிடிக்க, தசை ஏறக்குறைய 400 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உடம்பின் பாரத்தை இதில் நான் சேர்க்கவில்லை. இரும்பைப் பத்து சென்ரிமீற்றர் உங்கள் பக்கம் கிட்டவாக எடுத்தால் அது 300 ஆகக் குறையும். "காலிலை உரஞ்சிக்கொண்டு வரவேணும்" என்று அவர் ஓயாமல் சொன்னதன் பொருள் இதுதான். எங்கள் முழங்காலுக்குக் கீழே எப்போதும் தோல் உரிந்திருக்கும். அம்மாமார் பேசுவார்கள்.

இனி, முதுகு நேராக நின்றால் இந்தப் பாரத்தைத் தசைகள் தாங்கும். வளைந்துவிட்டால் தசைகள் மெல்ல ஒதுங்கிக்கொள்ள, எலும்புகளுக்கிடையே உள்ள தட்டுகளும் இணைப்பு நார்களும் அதை ஏற்கின்றன. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி இறங்குகிறது என்பதை மிக்ஸ்ரர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1934இல் எடுத்துக்காட்டினர். சுவீடனில் அல்ஃப் நக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது ஓர் அளவு. முன்னே குனிந்து பாரத்தைப் பிடித்தால் அது பெருகுகிறது. கமக்காரனின் மண்வெட்டி சில கிலோதான். அவன் முதுகு சிறு வயதிலிருந்தே அந்த வேலைக்குப் பழகி வந்தது. நூறு கிலோ இரும்பு அப்படிப் பழக நேரம் தராது.

மாஸ்ரரின் பாடம் இரும்பைத் தொட முன்னரே தொடங்கும். முதல் இரண்டு கிழமையும் தும்புத்தடிதான். தடியை முதுகோடு நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிடரி, தோள்பட்டைகளின் நடு, இடுப்பெலும்பின் பின்பக்கம் என மூன்று இடங்களில் அது முட்ட வேண்டும். பிறகு குனிய வேண்டும். மூன்றில் ஒன்று விலகினாலும் பிழை. "நாரியை வளையாதை, இடுப்பாலை மடி" என்பார். விளங்காமல் முழித்தால் இன்னொன்று சொல்வார்: "ரண்டு கையிலையும் சாமான் கிடக்கு. பின்னாலை படலை திறந்து கிடக்கு. பின்பக்கத்தாலை படலையைத் தள்ளிச் சாத்து." அது எல்லோருக்கும் விளங்கிவிடும். முழங்கால் சிறிது இளக, பின்பக்கம் பின்னே போக, நெஞ்சு தானாக முன்னே சாயும். அப்போது தொடையின் பின்புறத்தில் கயிறு இறுகுவதுபோல ஓர் இழுவை தெரியும். அந்த இழுவை வந்தால்தான் சரி. பின்தொடைத் தசைகள் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைக் கடந்து கீழே பொருந்துகின்றன. முழங்காலை அதிகம் மடித்தால் அவை தளர்ந்துவிடும். அதிகம் நீட்டினால் இடுப்பைப் பிடித்து இழுத்து முதுகை வளைத்துவிடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதை ஒவ்வொருவனும் தன் உடம்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தும்புத்தடி தேறியவனுக்குத்தான் குழாய். நிமிர்ந்து நின்று, குழாயைத் தொடையோடு வழியவிட்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை இறக்கி, நிலத்தில் வைக்காமல் திரும்ப எழும்ப வேண்டும். இதற்கு மாஸ்ரர் வைத்த பெயர் 'கொக்குக் குனிவு'. வயலில் மீன் பார்க்கும் கொக்குப் போல என்பது கருத்து. இதே பயிற்சியை இன்று உலகம் 'ருமேனியன் டெட்லிஃப்ற்' என்கிறது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாட், 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் இதைச் செய்து காட்டினாராம். பார்த்தவர்கள் இதற்குப் பெயர் என்னவென்று கேட்டார்களாம். தனிப் பெயர் எதுவும் இல்லை. முதுகைப் பலப்படுத்தச் செய்கிறோம் என்றாராம். ருமேனியர் செய்ததால் ருமேனியன் ஆயிற்று. அதே 1990இல் எங்கள் வேப்பமரத்தின் கீழ் அது கொக்காக இருந்தது. கொக்கைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்பும் எரிபொருளும் பற்றரியும் அடக்கம். எங்கள் குண்டு ஒன்று வெடித்துப் பிளந்தபோது புதிதாக வார்க்க ஒரு பிடி சீமெந்து கிடைக்கவில்லை. நாங்கள் தண்டவாளத்துக்குப் போனோம். ஓடாத ரயிலின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிக்கொண்டிருந்த காலம் அது. கொல்லன் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். கடைத் தராசில் நிறுத்தபோது ஓரடித் துண்டு பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. அதைக் கயிற்றால் குழாயில் கட்டித் தூக்கினோம்.

வீரர்களும் எங்களுக்கு இருந்தார்கள். நீச்சலில் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். உயரம் பாய்தலில், 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்குத் தங்கம் தந்த எதிர்வீரசிங்கம். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த படம் புரூஸ் லீயினுடையது. அந்தப் படத்துக்குக் கீழேதான் நாங்கள் எல்லோரும் அவர் செய்ததைப் போலவே செய்ய ஆசைப்பட்டோம். அவர் 1970இல் என்ன செய்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. 'குட்மோர்னிங்' என்ற பயிற்சி உண்டு. பார்பெல்லைத் தோளின் பின்னே வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்வதுபோல இடுப்பால் மடிந்து எழும்புவது. பின்தொடைக்கும் நாரிக்கும் அதைவிடக் கடுமையான பயிற்சி குறைவு. மிகக் குறைந்த பாரத்தில், உடம்பைச் சூடாக்கிய பின்னர்தான் செய்ய வேண்டும். தன் உடல் எடைக்குக் கிட்டிய பாரத்தோடு, உடம்பைச் சூடாக்காமல் அவர் அதைச் செய்ததாக அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். கீழ்முதுகு நரம்பு பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இனி உதைக்கவே முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். 'என்ரர் த ட்ராகன்' படத்தில் நாங்கள் கண்ட மனிதர் அந்த வலிக்குப் பிறகு எழும்பிய மனிதர்.

நாரி ஒலிம்பிக் பந்தயத்தையே மாற்றியிருக்கிறது. 1972 மியூனிக் வரை பளுதூக்கலில் மூன்று வகைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 'பிரெஸ்'. தோளுக்கு எடுத்த பாரத்தைக் கையின் பலத்தால் மட்டும் மேலே தள்ளுவது. ஆனால் வீரர்கள் நாளடைவில் பின்பக்கமாக வில்போல வளைந்து தள்ளத் தொடங்கினர். எவ்வளவு வளைந்தால் பிழை என்று நடுவர்களால் உடன்பட முடியவில்லை. முதுகுக்கும் ஆபத்து என்ற பேச்சு வேறு. மியூனிக்கோடு அந்த வகை நீக்கப்பட்டது. டெட்லிஃப்ற் ஒலிம்பிக்குக்குள் வரவேயில்லை. அது பவர்லிஃப்ரிங் என்ற தனி விளையாட்டில் போய்ச் சேர்ந்தது.

என் கதைக்கு வருகிறேன். 1991 மாரி காலம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் ஏதோ அலுவலாகப் பருத்தித்துறைக்குப் போன ஒரு மாலை, எங்களுக்குள் ஒரு பந்தயம். குற்றி இல்லாமல், நிலத்திலிருந்து, அதுவரை யாரும் தூக்காத பாரம். பந்தயப் பொருள் ஒரு சோடாப் போத்தல். (தடைக்காலத்தில் அது சிறிய பொருள் அல்ல.) நான் குனிந்தேன். குழாய் எழும்பியது. முழங்காலுக்கு வரும்போது நாரிக்குள் ஈர விறகு முறிவதுபோல ஒன்று கேட்டது. மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை என்கிறார்கள். குழாயைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் படுத்தேன். அடுத்த மூன்று மாதம் முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயும் பலகைக் கட்டிலுமாகக் கழிந்தது. மாஸ்ரர் பார்க்க வந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். கட்டில் விளிம்பில் இருந்து, சோடா ஆர் குடித்தது என்று மட்டும் கேட்டார்.

எழும்பி நடந்தேன், சைக்கிள் ஓடினேன், படிப்பை முடித்துப் பத்திரிகையிலும் சேர்ந்தேன். கொப்பித் தாளில் செய்தித்தாள் அச்சான அந்த நாட்களில் தாள்கட்டு தூக்கும் வேலையிலிருந்து மட்டும் எனக்கு விலக்கு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995 ஒக்ரோபர் 30 வரை.

அந்த இரவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நானும் எழுதியிருக்கிறேன். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. எங்கள் அப்பாச்சிக்கு அப்போது எண்பது கடந்துவிட்டது, நடக்க மாட்டார். சைக்கிள் கரியரில் அவரால் இருக்க முடியவில்லை. நான் அவரைத் தூக்கக் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பிறந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்த மனுஷி, முப்பத்தைந்து கிலோ இருப்பாரோ என்னவோ, அவரை என்னால் நிலத்திலிருந்து ஒரு சாண் எழுப்ப முடியவில்லை.

அவ்வழியால் வந்த மாஸ்ரர் நின்றார். கூடவே வேப்பமரத்துப் பொடியன்கள் மூன்று பேர். ஒரு கதிரை எடுப்பித்தார். வேலிக்குப் போட்டிருந்த இரண்டு பனஞ்சலாகைகளைக் கதிரையின் இருபுறமும் கட்டுவித்தார். கோயிலில் சாமி தூக்குவதற்குக் கொம்பு கட்டுவதைப் போல. முன்னே இருவர், பின்னே இருவர். நான்காவது ஆளாக, எழுபதை நெருங்கிய அவரே நின்றார். மழை இரைச்சலுக்குள் அவர் குரல் கேட்டது: "படலையைச் சாத்து... மூச்சைப் பிடி... எழும்பு." நால்வரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். கதிரை ஆடவில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால்வரை, சனநெருக்கடிக்குள், அடிக்கொரு தரம் இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தரமும் அதே மூன்று சொல். நான் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அப்பாச்சி அடுத்த வருடம் மட்டுவிலில் காலமானார். மாஸ்ரர் கைதடியிலிருந்து வன்னிக்குப் போனார், திரும்பி வரவில்லை. நாங்கள் 1996இல் ஊருக்குத் திரும்பியபோது வேப்பமரம் நின்றது. குழாயும் தண்டவாளத் துண்டுகளும் இல்லை. பனங்குற்றிகளில் ஒன்றை யாரோ அடுப்புக்குக் கொத்தியிருந்தார்கள். மற்றது கிணற்றடியில் கல்லுக்குப் பதிலாகக் கிடந்தது.

குடாநாட்டில் இரும்புப் பயிற்சி அதோடு முடிந்துவிடவில்லை. சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலிருந்து ஆர்ஷிகா என்ற மாணவி தேசிய மட்டப் பளுதூக்கலில் பெயர் எடுத்தபோது எனக்கு மாஸ்ரரின் ஞாபகம்தான் வந்தது. பெண்களுக்கான பளுதூக்கல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 2000 சிட்னியில்தான். எங்கள் வளவுக்குள் பெண்பிள்ளைகள் வந்ததில்லை. வேலிக்கு வெளியே குடம் சுமந்து போனார்கள். இரண்டில் எது கடினமான பயிற்சி என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் மாலை திரும்பவும் அந்த உடற்பயிற்சி நிலையத்துக்குப் போனேன். கையில் ஒரு தும்புத்தடி. உள்ளே இருந்தவர்கள் கூட்ட வந்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். பையனைக் கூப்பிட்டேன். குற்றிக் கதையைச் சொன்னேன். "அங்கிள், இது நாற்பத்தைஞ்சு சென்ரிமீற்றர் தட்டு. குற்றி தேவையில்லை" என்றான். சரியாகத்தான் சொன்னான். அப்படியென்றால் முதுகு ஏன் வளைகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. தடியை அவன் முதுகில் வைத்துக் குனியச் சொன்னேன். முதல் தரமே இடுப்பை விட்டு விலகியது. நான்காம் ஐந்தாம் தரத்தில் படலை விளங்கியது. ஒன்பதாம் தரம் மூன்று இடமும் முட்டிக்கொண்டு நின்றன. பின்தொடை இழுக்குது அங்கிள் என்றான். இருபது கிலோத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் இதையே செய் என்றேன். முகம் சுருங்கியது. பயிற்றுநர் அருகில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை, தானும் ஒருமுறை தடியை வாங்கி முதுகில் வைத்துப் பார்த்தார்.

"நீங்கள் ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்" என்றான் பையன்.

தடியை வாங்கினேன். பிடரியில் முட்டியது. தோள்பட்டைகளின் நடுவில் முட்டியது. படலையைச் சாத்தினேன். பாதி குனிந்தபோது கீழே தடி விலகுவது எனக்கே தெரிந்தது. பையனும் கண்டான். ஒன்றும் சொல்லாமல் தும்புத்தடியை என் கையிலிருந்து எடுத்துச் சுவரோடு சாத்தினான்.